கடைசியாக நின்ற பாட்டு

ஆகஸ்ட் 26, செவ்வாய்

உரக்கடையில் கொடுத்த டைரி எட்டு மாதமாகச் சும்மா கிடந்தது. நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி, கடைக்கு வருகிற ஆள் கம்மி. சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று எடுத்தேன். ஜனவரிப் பக்கங்களில் இவர் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருக்கிறார். கல்யாணம் ஆகி ஒன்பது வருடத்தில் என் டைரியில் என் வீட்டுக்காரர் எழுதியது அவ்வளவுதான்.

இன்றைக்கு முதலில் வந்தது உபகாரமேரி டீச்சர். அவரிடம் உள்ளங்கை அளவில் ஒரு ஜெபப் பெட்டி இருக்கிறது, பட்டனை அழுத்தினால் பைபிள் படிக்கும். எதையோ அழுத்திப் பிடித்துவிட்டார் போல, தானாக ரீசெட் ஆகியிருக்கிறது. திரையில் சீன எழுத்து. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாராம். திருப்பாடல் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு மறுபடியும் தொடக்க நூலிலிருந்து ஆரம்பித்துவிட்டது என்பதுதான் கோபம். “ஆண்டவர் உலகத்த எத்தன தடவதாம்மா படைப்பாரு?” என்றார்.

ரீசெட் ஆனால் மெஷின் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குப் போய்விடும், விட்ட இடம் மறந்துவிடும், மொழியும் பிறந்த ஊர் மொழியாகிவிடும், உள்ளே கார்டில் இருப்பது மட்டும் அப்படியே இருக்கும் என்று பாடம் எடுத்தேன். டீச்சருக்கே பாடம் எடுப்பதில் எனக்கு ஒரு சுகம்.

அடுத்தது தைரியநாதன் சார். கோச்சிங் சென்டர் நடத்துகிறார், பதினொரு கம்ப்யூட்டர். அதில் ஒன்றைப் போன புதன்கிழமை இருந்த நிலைக்குக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனேன். அழித்த கேள்வித்தாள் திரும்பி வரவில்லை என்று முகம் சுருங்கிவிட்டது. செட்டிங்தான் பின்னால் போகும் சார், நீங்கள் அழித்தது அழித்ததுதான் என்றேன். “அப்ப புதன்கிழமைக்குப் போயி இன்னா பிரயோஜனம்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

தீபாவளி லீவில் பதினொன்றையும் ஒரே வீச்சில் ரீசெட் செய்து தரச் சொல்லியிருக்கிறார். வாசல் போர்டைக் காட்டி, அதன் மேல்தான் நம்பிக்கை என்றார். ‘எழில் கம்ப்யூட்டர்ஸ். எங்கள் கை பட்டால் கெட்டுப்போகாது.’ வாசகம் என்னுடையது. கச்சிராயபாளையம் ரோட்டில் இப்படி ஒரு போர்டு வேறு யாருக்கும் கிடையாது. தலைக்கனம் என்று இவர் சொல்வார். சொல்லட்டும். என்னிடம் ‘முன்னாடி நோட்டு’ இருக்கிறது. எந்த மெஷினையும் தொடுவதற்கு முன்னாடி அது எப்படி இருந்தது, எங்கே நின்றது, எல்லாம் அதில் எழுதிவிடுவேன். நோட்டில் ஏறாமல் ஒரு மெஷினும் என் மேசையில் ஏறாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஏழு ரிப்பேர். இடுப்பு போச்சு.

அது போதாதென்று நடுவில் ஜீவா அண்ணன் ஓடி வந்தார். வடக்கனந்தலில் மைக் செட் வைத்திருப்பவர், என் சிநேகிதி பூமாலையின் வீட்டுக்காரர். சதுர்த்திக்கு மூன்று நாள் ஓயாமல் பாடிய எம்பி3 பிளேயர் திக்கி நிற்கிறதாம். தீப்பெட்டி அளவு சாமான், ஆனால் அவர் பிழைப்பே அதற்குள்தான். ஞாயிற்றுக்கிழமை பொன்னுரங்கம் பெரியப்பா வீட்டில் அவர் மகள் மலர்விழிக்கு நிச்சயம், ஜீவா அண்ணன்தான் செட் கட்டுகிறார்.

நான் தைரியநாதன் சாரோடு போனில் இருந்தேன். காதில் போன், கையில் ஊசி, பின்பக்க ஓட்டையில் ஒரு குத்து. திரை சீனத்துக்குப் போனது, இங்கிலீஷுக்கு மாற்றினேன். நம்பர் ஓடியது. சரியாகிவிட்டது அண்ணா, எடுத்துட்டுப் போங்க என்று கையசைத்தேன். மூன்று நிமிட வேலை.

போகும்போது அவர் முகத்தைப் பார்க்கவே நன்றாக இருந்தது. குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, கன்னம் கொஞ்சம் பூசியிருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எழுதுவதற்கு முன்னால் சிரித்து முடித்துவிடுகிறேன்.

பெரியப்பா வீட்டு வாசலில் பந்தல். தியாகதுருகத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். பெரியப்பா புது வேட்டியில், தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார். ஜீவா அண்ணன் எப்போதும் போல செட்டைப் போட்டுவிட்டு, ஹாரன் ஸ்பீக்கரைத் திருப்ப வேப்ப மரத்தில் ஏறினார். அவர் வழக்கமே அதுதான், கீழே பிள்ளையார் பாட்டு ஓடும், மேலே அவர் ஹாரனைத் திருப்புவார்.

வந்தது பிள்ளையார் பாட்டு இல்லை. ஒப்பாரி.

“என்னப் பெத்த அய்யாவே” என்று ஒரு பெண் குரல், இரண்டு ஹாரனிலும், எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி. பெற்ற அய்யா தட்டோடு அப்படியே நிற்கிறார். மாப்பிள்ளையின் மாமா பழக்கதோஷத்தில் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டார். அடுத்த தெரு அம்மா ஒருத்தர் முடியை அவிழ்த்துக்கொண்டே வந்து, யாரு, யாரு என்று கேட்கிறார். ஜீவா அண்ணன் பதறிப்போய் இறங்கினார், கால் வழுக்கியது, அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் விழுந்தார். நாற்காலிகளோடு சேர்ந்து சரிந்துபோய்த்தான் வொயரைப் பிடுங்கினார்.

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள், போட்டுட்டு வந்திருக்கான்யா என்று. அப்புறம் எல்லோரும் அதையே சொன்னார்கள். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பூமாலை தலையைத் தூக்கவே இல்லை. நிச்சயம் அரை மணி தள்ளி ஒருவழியாக நடந்தது. கல்யாணத்துக்கு இவன் என் வாசலை மிதிக்கக் கூடாது என்று பெரியப்பா கத்தினார். அந்தப் பந்தலில் அதிகமாகச் சிரித்தவள் நான். பெரியம்மா தைலம்மாள் என் தொடையில் கிள்ளியே விட்டார்.

சாயங்காலம் இவர் டியூட்டி முடித்து வந்ததும் நடித்துக் காட்டினேன். இவர் சாதாரணமாகக் கேட்டார், ஏன் அந்தப் பாட்டு முதலில் வந்தது என்று. அதுவா, அவர் பிளேயரில் இரண்டு ஃபோல்டர். சாவு திடீரென்றுதானே வரும், அவசரத்தில் கை முதல் பட்டனுக்குத்தான் போகும் என்று ஒப்பாரியை ஒன்றில் வைத்திருக்கிறார். நல்லது எல்லாம் இரண்டில். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் ஹாரனுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, வீட்டில் ஒரு பிள்ளையார் பாட்டைப் போட்டு, அதிலேயே நிறுத்தி வைப்பார். விட்ட இடத்திலிருந்துதானே பாடும், அதனால் அடுத்த வீட்டில் எடுத்ததும் பிள்ளையார்தான் வருவார். விட்ட இடத்தை அது மறந்தால்தான் ஒன்றாம் ஃபோல்டர், ஒன்றாம் பாட்டு வரும். அது எப்படி மறக்கும், யாராவது ரீசெட்—

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு சுட வைக்கப் போனேன்.

செப்டம்பர் 1, திங்கள்

முன்னாடி நோட்டில் 29ஆம் தேதிக்கு ஏழு பெயர். ஜீவா அண்ணன் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

ஜீவா அண்ணன் நொண்டிக்கொண்டே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் என் ஸ்க்ரூ டிரைவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளும் பிள்ளையார் பாட்டுதான் ஓடியது, கடைசியில் நின்றதும் அதில்தான், அப்புறம் எப்படி ஒன்றுக்குப் போகும் என்று அவருக்குப் புரியவில்லை. ஊரே குடித்தாய் என்கிறது. குடிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் நூறு பேர் சொன்னால் தெரிந்ததும் ஆடிப்போகிறது.

“நீ பாத்தியே எழிலு. பெட்டியில ஏதாச்சும் இருந்துச்சா?”

நேராகக் கேட்டார். கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

“பிளேயர் நல்லாதான் இருக்குண்ணா” என்றேன்.

அது பொய் இல்லை. பிளேயர் நல்லாத்தான் இருக்கு.

“அப்ப நான்தான் ஏதோ அழுத்தித் தொலைச்சிட்டேன்” என்று எழுந்து போனார்.

செப்டம்பர் 5, வெள்ளி

இவர் கண்டக்டர், கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகிற வண்டி. காலை டிரிப்பில் பூமாலைக்கு டிக்கெட் கிழித்தாராம். கையில் பெரிய பை, கூட பாப்பா. பூமாலை ஒரு வார்த்தை பேசவில்லை, பாப்பா மட்டும் ஜன்னல் சீட்டு கேட்டிருக்கிறது.

மத்தியானம் பெரியம்மாவுக்குப் போன் போட்டு விவரம் கேட்டேன். இன்னொரு தடவை குடித்தால் மலைமேல் அப்பா வீட்டுக்கே போய்விடுவேன் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே பூமாலை சொல்லி வைத்திருந்தாள். நேற்று வீட்டில் பேச்சு முற்றியபோது ஜீவா அண்ணன், நான்தான் ஏதோ அழுத்திட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவள் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள். இன்னொன்றும் சொன்னாளாம். “எழிலே சொல்லிட்டா, பெட்டி நல்லாதான் இருக்காம்.”

அதற்கு மேல் பெரியம்மா பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

செப்டம்பர் 6, சனி

யோசித்துப் பார்த்தால் இதில் என் தப்பு ஒன்றும் இல்லை. எடுத்துட்டுப் போறவங்க ஒரு தடவை போட்டுப் பாத்து எடுத்துட்டுப் போவணுமா இல்லியா? ஒண்ணாம் நம்பர்ல ஒப்பாரிய வைக்கச் சொல்லி நானா சொன்னேன்? மரத்துல ஏறச் சொன்னது நானா? விழுந்தது நானா? ஒரு வாரம் போனா ஊரு வேற ஒண்ணப் பேசப் போவுது. பூமாலையும் இறங்கி வந்துடுவா. கோபம் வந்தா அவ இப்படித்தான், ஹாஸ்டல்ல இருக்கும்போது இட்லி கல்லா இருக்குன்னு ரெண்டு நாளு மலைக்குப் போயிட்டா.

புதன்கிழமை எழுதியதைப் படித்தேன். ‘அது பொய் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். என் டைரியிலேயே நான் வக்கீல் வைத்து வாதாடுகிறேன், வெட்கக்கேடு.

செப்டம்பர் 8, திங்கள்

தைரியநாதன் சார் டீ வாங்கிக்கொண்டு வந்தார், மனுஷர் ஊர்க்கதை பேச வந்தால் தவறாமல் டீ வாங்கி வருவார். மைக் செட்காரன் கதை கோச்சிங் சென்டர் வரைக்கும் போயிருக்கிறது. சங்கராபுரத்தில் ஒரு காது குத்து, வடக்கனந்தலில் ஒரு புதுமனை, இரண்டுக்கும் ஜீவா அண்ணனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு மெஷினை நம்பலாம், குடிகாரனை நம்ப முடியாது என்று சொல்லி என் போர்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். சர்க்கரை ஜாஸ்தி என்று பழியை டீக்கடைக்காரர் மேல் போட்டேன். பழி போட நன்றாகப் பழகிவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பேக்கப் எடுத்து வைத்தீர்களா என்று வருகிறவர்களைக் கேட்கவே வாய் கூசுகிறது.

செப்டம்பர் 11, வியாழன்

இவரிடம் சொன்னேன். சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், நான் ரீசெட் பண்ணதாலதான் அப்படி ஆச்சு என்றேன்.

“தெரியும்.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அன்றைக்கு நீ குழம்பு சுட வைக்கப் போனதிலிருந்து என்றார். அன்றைக்கு வீட்டில் குழம்பே இல்லையாம், ரசம்தானாம். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று சண்டைக்குப் போனேன். நீயே சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன் என்றார். பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான், சண்டைகூட ஒரு கையால் போட வேண்டியிருக்கிறது.

“மொத டிரிப்பு ஆறேகாலுக்கு. ஜன்னல் சீட்டு வெக்கிறேன்.”

ஜீவா அண்ணனிடம் போய் பிளேயரை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று கேட்டேன். ஆணியில் மாட்டியிருந்த பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எப்போது வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். கடைசி வளைவில் வாந்தி எடுத்தேன். பேச வைத்திருந்ததும் அதோடு போய்விட்டது.

வெள்ளிமலையில் இறங்கி இன்னும் மூன்று கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் மரவள்ளி. பூமாலை வீட்டு வாசலில் அவள் அப்பா அம்மாசி கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார், நெஞ்சுச் சளி. பாப்பா அவர் காலடியில் உட்கார்ந்து கடுக்காயை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. பூமாலை தண்ணீர் கொடுத்தாள். அவன் அனுப்பினானா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

நான் வாயால் சொன்னால் சிநேகிதி புருஷனைக் காப்பாற்ற வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பாள். அதனால் செய்து காட்டுவது என்று முடிவோடு போயிருந்தேன். பையிலிருந்து பிளேயரையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் எடுத்தேன். இரண்டாம் ஃபோல்டரில் பிள்ளையார் பாட்டைப் போட்டு, பாதியில் நிறுத்தி, அணைத்தேன். மறுபடி போட்டேன். பிள்ளையார் விட்ட இடத்திலிருந்து வந்தார். பார்த்துக்கோ என்றேன். பிறகு ஊசியை எடுத்து அவள் கண் முன்னாலேயே ஓட்டையில் குத்தினேன். சீன எழுத்து வந்தது. மொழியை மாற்றினேன். அன்னைக்கும் இதைத்தான் செய்தேன், இவ்வளவுதான் செய்தேன், இப்ப பாரு என்று பாட்டைப் போட்டேன்.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ரீசெட் செய்தால் சத்தமும் தொழிற்சாலை சத்தத்துக்குப் போய்விடும், அதாவது உச்சத்துக்கு.

என்னப் பெத்த அய்யாவே என்று அந்தப் பெண் மலைக்கே கேட்கிற மாதிரி எடுத்தாள். பெற்ற அய்யா ஒருவர் நோயாளியாகக் கட்டிலில் படுத்திருக்கிற வீட்டில், நான் நட்டநடு வாசலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறேன். எதிர் வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். மரவள்ளிக் காட்டிலிருந்து ராசு என்கிற பங்காளி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஒரு அம்மா வழியிலேயே அழ ஆரம்பித்து, வாசலுக்கு வரும்போது மார்பில் அடித்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கிற பட்டன் எங்கே இருக்கிறது என்று கச்சிராயபாளையம் ரோட்டின் கம்ப்யூட்டர் நிபுணிக்கு மறந்துபோய்விட்டது.

அம்மாசி அப்பா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். வந்தவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

“நான் இங்கதாம்மா கீறேன்.” என் பக்கம் திரும்பினார். “நல்லாத்தான் அழுவுறா. யாரு புள்ள அது?”

பாப்பாதான் முதலில் சிரித்தது. அப்புறம் ராசு. அழுதுகொண்டு வந்த அம்மா நிறுத்த முடியாமல் இன்னும் கொஞ்சம் அழுதுவிட்டு அப்புறம் சிரித்தார். எல்லோரும் போகிற வரைக்கும் பூமாலை சிரிக்கவில்லை. பிளேயரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த ஊசி ஓட்டையைத் தடவிப் பார்த்தாள்.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

அன்னைக்குச் சாயங்காலமே என்றேன்.

“பன்னண்டு நாளு.”

கடைப் பேர் கெட்டுப்போகும் என்று பயந்துவிட்டேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும், அதுதான் உண்மை.

“உன் கடைப் பேரு. எம் புருசன் பேரு இன்னா இரவல் பேரா?”

அழுகை வந்துவிட்டது எனக்கு. அவள் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து மரவள்ளிக் கிழங்கு வேகவைத்து வந்து தட்டை என் முன்னால் நகர்த்தினாள். என்னிடம் சொன்னது போதாது, பந்தலில் சிரித்தாயே, அங்கேயே போய்ச் சொல்லு என்றாள். சொன்னால் வருவாயா என்று கேட்டேன்.

“ஊருக்கெல்லாம் பாட்டு போடுது அந்த ஆளு. வூட்டுல பிள்ளையார் பாட்டோட சரி. எனக்குன்னு ஒரு பாட்டு போட்டதில்ல, எட்டு வருசத்துல. இதையும் போயி சொல்லு.”

திரும்பியதும் இவர் வண்டியில்தான். பூமாலை கட்டிக் கொடுத்த கிழங்குப் பையை வாங்கித் தன் சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 13, சனி

பிளேயரைத் திருப்பிக் கொடுத்து ஜீவா அண்ணனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்துப் போனேன். கத்தவில்லை.

“நான் உன்ன நேரா கேட்டேனே எழிலு.”

அவ்வளவுதான். வெளியே போய் ஹாரன்களைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்து வைத்திருந்ததை. திரும்பி வந்து பூமாலை என்ன சொன்னாள் என்று கேட்டார். பாட்டு விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதே என்றார். கேசட் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிற மனுஷர்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெரியப்பா வீட்டு வாசல். பந்தல் போட்டிருந்த அதே இடம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தெருவே இருந்தது. நின்றுகொண்டு சொன்னேன். ஜீவா அண்ணன் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, பிளேயரை ரீசெட் செய்தது நான், சொல்லாமல் கொடுத்தது நான், கேட்டபோதும் மறைத்தது நான். மைக் இருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

பெரியப்பா மீசையைத் தடவினார்.

“அப்ப என்ன உசுரோட வழியனுப்பி வெச்சது நீதானா?”

தெரு சிரித்தது. பெரியம்மா இன்னொரு கிள்ளு கிள்ளினார், போன தடவை கிள்ளிய அதே இடத்தில். கல்யாணத்துக்கு ஜீவா அண்ணனே செட் கட்டலாம், ஆனால் தாலி கட்டி முடிகிற வரைக்கும் நான் பிளேயர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில். மலர்விழிக்கு ஒரே சந்தோஷம். அக்கா, நீ பந்தல் பக்கமே வந்துடாத, பாட்டு மாறிடப் போவுது என்றாள்.

செப்டம்பர் 17, புதன்

வடக்கனந்தலில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ‘ரீசெட்டு’. பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

போர்டில் இரண்டாவது வரிக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன். இவர் ஏணி பிடித்தார். வெள்ளை பூசிய இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது, வாசகம் இருந்தபோதுகூட யாரும் இவ்வளவு பார்த்ததில்லை.

தைரியநாதன் சார் வந்தார், கையில் டீ இல்லை. பதினொன்றும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். போகவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து என் முன்னாடி நோட்டில் எழுதுவாராம், நான் சொல்லச் சொல்ல. எழுத்துப் பிழை வந்தால் திருத்தவும் செய்வாராம். இதற்கு அவர் வேலையைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 25, வியாழன்

பூமாலை இன்னும் வரவில்லை. வெள்ளிமலை ஸ்டாப்பில் இவரைப் பார்த்து, சொல்லிட்டாளா என்று கேட்டாளாம். சொல்லிட்டா என்றதும் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாளாம். அடுத்த பேச்சு என்னவென்றால், மழை.

மன்னிப்பு கேட்டால் எல்லாம் போன மாதத்துக்குத் திரும்பிவிடும் என்று நானும் தைரியநாதன் சார் மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதை வைத்து அழகாக ஒரு வரி எழுதத் தோன்றுகிறது. எழுத மாட்டேன், வாட்ஸப் ஸ்டேட்டஸ் மாதிரி ஆகிவிடும்.

அக்டோபர் 6, திங்கள்

இவர் கொண்டு வந்த செய்தி. ஜீவா அண்ணன் போன திங்கள் வண்டியில் மலை ஏறினாராம், வெள்ளிமலையில் இறங்கி டீ குடித்து, அதே வண்டியில் திரும்பிவிட்டாராம். இன்றைக்கும் ஏறினார். இன்றைக்கும் டீ குடித்தார். ஆனால் திரும்பும் வண்டியில் இல்லை.

“கையில இன்னா எடுத்துக்கினு போனாரு?” என்று கேட்டேன்.

“பாட்டுப் பெட்டி.”

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. சார் வீட்டு முறுக்கோடு பதினொரு கம்ப்யூட்டரும் ஆரம்பமாகியிருக்கிறது. மூன்று முடிந்தது. சார் கையெழுத்து அழகு, வேகம் ஆமை.

அக்டோபர் 24, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை மலருக்குக் கல்யாணம். பட்டுப்புடவையை இஸ்திரி போட்டாகிவிட்டது.

காலையில் கடையைத் திறந்ததும் ஜீவா அண்ணன் வந்து நின்றார். பிளேயர் மறுபடி திக்கிவிட்டதாம். எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை, பாடும்போதே உறைந்துபோயிருக்கிறது. என் மேசையில் அதை வைத்தார். வேறு கடை இல்லாமல் இல்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு இருக்கிறது. அவர் வந்தது இங்கே.

ஊசியைத் தொடவில்லை நான். நோட்டோடு உட்கார்ந்திருந்த தைரியநாதன் சாரை எழுப்பி நகரச் சொல்லி, முன்னாடி நோட்டை இழுத்தேன். மொழி, சத்தம், எல்லாம் எழுதினேன். உறைந்த திரையைப் பார்த்து நின்ற இடத்தை எழுதப் போனேன். ஃபோல்டர் 03. பாட்டு 04. ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி.

அவரிடம் இரண்டு ஃபோல்டர்தான் உண்டு. கெட்டது ஒன்று, நல்லது ஒன்று.

“பிள்ளையார் பாட்டுல நிக்கலியே அண்ணா?”

அவர் ரோட்டைப் பார்த்தார். வெட்கப்பட்டார் என்றுதான் எழுத வேண்டும், நாற்பது வயது ஆளை.

“அவ அடுப்படியில கேட்டுக்கினு இருந்தா. பாதியில நின்னுடுச்சு. வுட்ட எடத்துலயே வெச்சுக் குடு, இல்லன்னா எனக்குத்தான் வசவு.”

சார் எதுவோ கேட்க வாயைத் திறந்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ரீசெட் செய்யப் போகிறேன் அண்ணா என்று சத்தமாகச் சொன்னேன். செய் என்றார். ஊசியைக் குத்தினேன். சீனம் வந்தது, மாற்றினேன். சத்தத்தைக் குறைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாம் ஃபோல்டருக்குப் போய், நாலாம் பாட்டைப் போட்டேன். முழுசாக ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி கேட்டேன், தள்ளி ஓட்டவில்லை. அங்கே நிறுத்தி, அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். விட்ட இடத்தில்தான் நின்றது.

அவர் கையில் கொடுத்தேன்.